மூணாம் நாள் பச்சை

செல்வமணி அடிக்கும்போது முத்துராணி இடது கையைத்தான் தூக்குவாள். வலது கை வேலைக்கு வேண்டும். கல்யாணமான புதிதில் எந்தக் கை முன்னால் வருகிறதோ அதைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வலது மணிக்கட்டு வீங்கிப்போய் வாரக்கணக்கில் பீடி சுற்ற முடியாமல் கிடந்த பிறகுதான் இந்த ஏற்பாடு. முகத்துக்கு வருகிற அடியை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலுள்ள சதையில் வாங்கிக்கொள்வாள். அவனும் அதற்குப் பழகிவிட்டான். ஆறு வருஷம் ஆகிறது, பழகாமல் என்ன செய்யும்?

அன்றைக்குச் சண்டை மீன்குழம்பில் ஆரம்பித்தது. புளி தூக்கலாம். செல்வமணி களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் தாரெல்லாம் கன்றிப்போய் வந்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் அவனை ஏசியிருக்கிறார். அவரைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்க இவனுக்குத் துப்பில்லை. வாங்கிய ஏச்சைச் சாராயத்தில் ஊறவைத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். குழம்புச் சட்டி சுவரில் போய் உடைந்தது. அப்புறம் வண்டியில் தாருக்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கம்பை எடுத்தான்.

"ஏட்டி, வாயத் தொறந்து சொல்லு. எவன நெனச்சிக்கிட்டு புளியக் கரைச்ச?"

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. சொல்லாவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிச்சம். கம்பு கையில் விழுகிற சத்தம் குறிச்சித் தெரு முனைவரை கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அந்தத் தெருவில் மனிதர்கள் செய்கிற உதவி அவ்வளவுதான். கை ஓய்ந்ததும் அவன் பாயைக்கூட விரிக்காமல் படுத்துக் குறட்டை விட்டான். அவள் சுவரில் வழிந்திருந்த குழம்பை ஈரத்துணியால் துடைத்தாள்.

மறுநாள் காலை முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்கு வேலைக்குப் போனாள்.

வேலை என்றால் அனஸ் வீட்டு மாடியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுவது. அனஸ் ஷார்ஜாவில் ஒரு பொம்மைக் கடையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே பெரிய பெரிய ஆட்கள், மீசை நரைத்தவர்கள்கூட, லீவு நாளில் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு பொம்மைப் படைகளை மோதவிட்டு விளையாடுவார்களாம். பகடை உருட்டுவார்களாம். பொம்மை ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். குதிரைவீரன், எலும்புக்கூடு, மந்திரவாதி என்று எத்தனையோ உண்டு என்றாலும், கூட்டங்கூட்டமாக வேண்டியிருப்பது ஓர்க் என்கிற அரக்கர்கள்தான். கோரைப்பல், கோடாரி, பச்சைத் தோல். ஒரு ஆளுக்கே நூறு நூற்றைம்பது அரக்கன் வேண்டும். வாங்குகிறவர்களுக்குப் பணமிருக்கிறது, உட்கார்ந்து வர்ணம் தீட்டப் பொறுமை இல்லை. பொறுமை மேலப்பாளையத்தில் இருக்கிறது என்று அனஸுக்குத் தோன்றியது. தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு மாடியில் உட்காரவைத்தார். அனஸ் பெண்டாட்டி தஸ்லிமாதான் மேற்பார்வை. பீடி இலையை வெட்டி மடித்துக் கட்டிப் பழகிய விரல்களுக்குத் தூரிகை சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பொம்மைகளுக்குப் பச்சைப்பயலுவ என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

பச்சைதான் பிடிபடவில்லை. கருப்பு ஸ்பிரே அடித்து, மேலே பச்சையைப் பூசி, மாதிரிக்கு ஐந்து பொம்மை அனுப்பினார்கள். அங்கேயிருந்து வந்த பதிலை அனஸ் ஃபோனைப் பார்த்து வாசித்தார்.

"பெயின்ட் அடிச்ச கேட்டு மாதிரி இருக்குதாம். தோலு வேணுமாம். உள்ள ரத்தம் ஓடுத மாதிரி இருக்கணுமாம்."

இன்னும் கொஞ்சம் வெளிறிய பச்சை பூசினார்கள். வேகவைத்த பட்டாணி மாதிரி இருந்தது. கருக்கினார்கள், பாசி மாதிரி ஆனது. இன்னொரு மாதிரியும் திரும்பி வந்தால் இந்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், மாடியைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று அனஸ் சொன்னார். பூட்டினால் மற்றவர்கள் பீடித்தட்டை எடுத்துக்கொள்வார்கள். முத்துராணிக்கு அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பீடி வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற வேலை. பகலெல்லாம் அந்த வீட்டுக்கு வெளியே இருக்க அவளுக்கு வேறு வழி இல்லை.

அடி விழுந்த மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். ஜாக்கெட்டின் இடது கைத்துணி விலகியது. வெயில் நேராகக் கையில் விழுந்தது. அவள் சாப்பிட மறந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஊதா. அதைச் சுற்றிப் பச்சை. எலும்பு துருத்துகிற இடத்தில் தோல் இழுபட்டு மஞ்சள். பச்சை தோலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, அடியிலிருந்து கிளம்பி வந்திருந்தது. நாம் மேலே பூசிக்கொண்டிருக்கிறோம், அதுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டது.

கையை அலம்பிவிட்டு ஒரு பொம்மையை எடுத்தாள். சோடா பாட்டில் மூடியில் பசைபோட்டு ஒட்டிவைத்திருப்பார்கள், பிடித்துக்கொள்ளத் தோதாக. முதலில் முழுக்கக் கருப்பு ஸ்பிரே. அது காய்ந்ததும் வெயில் விழுகிற மாதிரி தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. அப்போதே மூக்கும் நெற்றியும் தோளும் வெளுத்து, அக்குளும் கழுத்து மடிப்பும் இருட்டாகிவிட்டன. பள்ளமான இடங்களில் ஊதாவைத் தண்ணீராகக் கரைத்துவிட்டாள். அதற்கு மேல் பச்சை, அதுவும் ரசம் மாதிரி. ஓடுகிற பச்சை தானாகவே பள்ளத்தில் போய்த் தங்கியது. அதிகமாகத் தேங்கினதை வெறும் தூரிகையால் உறிஞ்சி எடுத்தாள். கடைசியாக மஞ்சள் கலந்த பச்சை. தூரிகையைத் தோய்த்து, ஒரு பழைய பத்தமடைப் பாய்த் துண்டில் நிறமே ஒட்டாத அளவுக்குத் தேய்த்துவிட்டு, மிச்சமிருந்த பொடியைப் பொம்மையின் மூக்கு, தாடை, விரல்முட்டி மேல் லேசாக வருடினாள். கீழுதட்டில் ஒரு பொட்டுச் சிவப்பு.

மூடியைச் சுற்றிப் பார்த்தாள். அரக்கன் அவளை முறைத்தான். அவனுக்குத் தோல் வந்துவிட்டது.

"எங்கன பிடிச்ச புள்ள இந்தப் பச்சைய?" தஸ்லிமா பொம்மையை வாங்கி ஜன்னலில் நீட்டிப் பார்த்தாள்.

"அடிபட்ட மூணாம் நாளு இப்படித்தானெக்கா இருக்கும்" என்றாள் முத்துராணி, சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தாள்.

மாடியிலிருந்தவர்கள் தத்தம் பொம்மையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ரைஹானத் மட்டும் குனிந்த தலை நிமிராமல், "ஆமா, இருக்கும்" என்றாள்.

தஸ்லிமா முத்துராணியைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கைத்துணியை விலக்கினாள். பார்த்துவிட்டு அதைத் தானே திரும்ப இழுத்துவிட்டாள்.

"ராணி, கீழ் ரூமு சும்மாத்தான் கெடக்கு. வந்து இங்கன இருந்துக்கோ."

"வேண்டாம்க்கா. குடிச்சாத்தான் அப்படி. குடிக்கலன்னா தங்கம்."

அந்தத் தங்கத்தை அவள் எப்போது பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. ஒரு கரு வயிற்றிலேயே கலைந்துபோயிருக்கிறது. எப்படிக் கலைந்தது என்று களக்காட்டில் அவளைப் பெற்றவர்களும் கேட்கவில்லை, குறிச்சியில் மாமியாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மற்றப் பெண்களும் அதே நிறம் கொண்டுவர வேண்டும் என்பதற்காக தஸ்லிமா ஒரு காரியம் செய்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். முத்துராணியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோனில் படமெடுத்து, வேலைக்காரப் பெண்களெல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பார்சல் ஆபீஸில் நின்றுகொண்டிருந்த அனஸ் அதைப் பார்த்துவிட்டு, 'அருமை. இந்தக் கலர் மாறவே கூடாது' என்று பதில் போட்டார்.

மாறவில்லை. மாதிரி போன வேகத்தில் ஆர்டர் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று வந்தது. ஒருத்தி ஊதா, அடுத்தவள் பச்சை, அதற்கடுத்தவள் மஞ்சள் என்று பீடிக்கட்டுப் போல வரிசையாகக் கைமாற்றி, ஒரே பகலில் ஒரு படையை முடித்தார்கள். மாடியில் அதற்கு மூணாம் நாள் பச்சை என்று பேர் விழுந்துவிட்டது. அங்கே மேசையைச் சுற்றி நின்ற ஆட்கள் இந்தத் தோல் எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். தொழில் ரகசியம் என்று அனஸ் பதில் போட்டார்.

முத்துராணிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் இருந்தது. அடி வாங்கிய மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் கையைத்தான் பார்ப்பாள். பச்சை வந்திருக்கும். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. தலைவிதியில் ஏதோ ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறது என்கிற மாதிரி ஒரு திருப்தி.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஃபோனில் சார்ஜ் இல்லாமல், அதை வீட்டில் செருகிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். செல்வமணி லோடு இறக்கிவிட்டு வந்தவன் அது கிர்கிர்ரென்று அடிப்பதைப் பார்த்து எடுத்தான். குழுவைத் திறந்தான். தேய்த்துக்கொண்டே மேலே மேலே போனான். பொம்மை, பொம்மை, பொம்மை, அப்புறம் ஒரு பெண்ணின் கை. வளையலைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. அதன் கீழே அனஸ் எழுதியது. அருமையாம். மாறவே கூடாதாம்.

கையில் கிடந்த நிறத்தை அவன் பார்க்கவே இல்லை. தான் செய்த வேலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. இன்னொருத்தன் தன் பெண்டாட்டியின் கையை ரசிக்கிறான் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. வண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு மேலப்பாளையத்துக்கு ஓட்டினான்.

பகல் தொழுகை நேரம். அனஸ் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், தெருவில் ஆண்களே இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு முத்துராணி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

"எங்கட்டி அந்தப் பய? கையப் படம் பிடிச்சு அனுப்புதியளோ? கையோட நிக்குமா, இல்ல இன்னும் இருக்கா?"

காய்வதற்காக வரிசை வரிசையாக வைத்திருந்த மேசையை ஒரே வீச்சில் துடைத்தெறிந்தான். பச்சைப்பயல்கள் சுவரிலும் தரையிலும் சிதறினார்கள். வர்ணப் புட்டிகள் உடைந்து ஊதாவும் பச்சையும் ஒன்றாக ஓடின. பெண்கள் அலறிக்கொண்டு மூலைக்குப் போனார்கள். தஸ்லிமா நடுவில் வந்து, "தம்பி, அது கலர் பாக்கதுக்கு எடுத்த படம், நாந்தான் எடுத்தேன்" என்றாள். அவள் முடிப்பதற்குள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அலமாரியில் மோதி விழுந்தாள், நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது.

முத்துராணி வழக்கம்போல இடது கையைத் தூக்கினாள். ஸ்பேனர் கம்பைப் போல இல்லை. முதல் அடியிலேயே தோள்வரை மரத்துவிட்டது. இரண்டாவது அடிக்கு உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து மேசைக்கு இழுத்து, வலது கையைப் பிடித்துப் பலகையில் வைத்து அழுத்தினான். வருகிற வழியிலேயே யோசித்துவைத்தானோ, அந்த நேரத்தில் தோன்றியதோ, தெரியவில்லை.

"இந்தக் கை இருக்கப்போய்த்தானெ இந்தப் பவுசு எல்லாம். இனி நீ சோறு திங்கதுக்குக்கூட என்கிட்டத்தான் வரணும்."

அவள் அதுவரை கத்தவில்லை. இப்போது கத்தினாள். "கைய விட்டுரு! செல்வமணி, வலது கைய விட்டுரு!" புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் ஸ்பேனரை ஓங்கினான்.

தரையில் கிடந்த தஸ்லிமாவின் கைக்கு ஒரு ஸ்பிரே டப்பா அகப்பட்டது. எழுந்து, அவன் முகத்துக்கு நேராக நீட்டி அழுத்தினாள். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் கருப்புப் புகையாக அடித்தது. அவன் காறிக்கொண்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினான். ஸ்பேனர் கீழே விழுந்தது.

முத்துராணி அதை எடுத்துக்கொண்டாள்.

ஓடியிருக்கலாம். படிக்கட்டு நேர் எதிரேதான் இருந்தது. அவள் ஓடவில்லை. ஸ்பேனரை ஓங்கி அவன் தோளில் ஒன்று போட்டாள். அவன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். இடது கையைத்தான் தூக்கினான். அதே இடம், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே. அவள் அங்கே அடித்தாள். திரும்ப அங்கேயே அடித்தாள். அவன் முழங்கால் போட்டான், அழுதான், "ராணி, வேண்டாம் ராணி" என்றான். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. கேட்டதும் இன்னும் ஓங்கி அடித்தாள். ஏதோ விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறமும் அடித்தாள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். உடம்பெல்லாம் குளிர்ந்து, காதில் சத்தமே இல்லாமல், கை மட்டும் தன்னால் ஏறி இறங்கியது. தலைக்கும் ஒன்று போடுவதற்காக ஸ்பேனரைத் தூக்கினபோது ரைஹானத் பின்னாலிருந்து வந்து இடுப்போடு கட்டிக்கொண்டாள்.

"போதும்ட்டி, செத்துருவான். நீ செயிலுக்குப் போயிருவ. போதும்."

ஸ்பேனரை வாங்குவதற்குள் மூன்று பெண்கள் சேர வேண்டியிருந்தது.

செல்வமணியை ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தஸ்லிமா நெற்றியில் தையல் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்டில் இருந்த ஏட்டு கிருபைராஜ் இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டு, "அவனும் அடிச்சிருக்கான், நீயும் அடிச்சிருக்க. ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும். யோசிச்சு ஒரு முடிவச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றார். முத்துராணி தஸ்லிமா வீட்டுக் கீழ் ரூமில் போய்ப் படுத்தாள். சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. கண்ணை மூடினால் அந்த முறிகிற சத்தம் கேட்டது.

மாமியார் ஆறுமுகத்தாய் தேடி வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். கெட்டவள் என்று சொல்லமுடியாது. தன் காலத்தில் தானும் வாங்கினவள்தான். அதனாலேயே அடி என்பது மழை வெயில் மாதிரி வந்துபோகிற சங்கதி என்று நினைக்கிறவள்.

"அவன் உம்மேல கேஸ் குடுக்க மாட்டேங்கான் தாயி. நீயும் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிரு. வீட்டுக்கு வா. வேலைக்கும் போய்க்கோ, ஒண்ணும் சொல்ல மாட்டான். இனி உங்கிட்ட கை நீட்டுவானா? நல்லா வாங்கிட்டான்லா."

"நீ போனா அடுத்த தடவ வலது கைய நொறுக்கிருவான்" என்றாள் தஸ்லிமா, கட்டுப்போட்ட நெற்றியோடு.

"நானும் அடிச்சிட்டேனெக்கா. கைய முறிச்சிட்டேன். சரிக்குச் சரி ஆயிட்டுல்லா" என்றாள் முத்துராணி.

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே மத்தியானத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி இரண்டு பேரும் ஒரே மட்டம், புதிதாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாள். கேஸ் பயம் ஒரு பக்கம். இவ்வளவு நாள் அடிவாங்கினவளாக இருந்துவிட்டு ஒரே நாளில் அடித்தவளாக ஆகிவிட்டோமே என்கிற கூச்சம் ஒரு பக்கம். அம்மாவும் களக்காட்டிலிருந்து ஃபோனில், "புருஷன் கைய முறிச்சிட்டு எங்க போயி நிப்ப?" என்று கேட்டிருந்தாள். மாமியாரோடு பஸ் ஏறினாள். சண்டை நடந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

வார்டில் செல்வமணி சுவர்ப்பக்கக் கட்டிலில் கிடந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது, காது மடலில் கருப்பு வர்ணம் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு கோணியது. அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள். சுகிர்தா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நர்ஸ் வந்து, வீக்கம் பார்ப்பதற்காகக் கைக்கட்டைப் பிரித்தாள். மாவுக்கட்டுப் பட்டையை விலக்கியதும் கை முழுசாகத் தெரிந்தது.

முத்துராணி குனிந்து பார்த்தாள். வேலைக்காரியின் பார்வைதான் முதலில் போயிற்று. ஊதா இருந்தது. நடுவில் கருநீலம், ஓரத்தில் கன்றின சிவப்பு. பச்சை எங்கேயும் இல்லை. மஞ்சளும் இல்லை. கையைத் திருப்பச் சொல்லி அடிப்பக்கமும் பார்த்தாள். அங்கேயும் கத்தரிக்காய் நிறம்தான்.

"சிஸ்டர், பச்சை வரலியே."

"என்ன பச்சை?"

"அடிபட்ட எடத்துல. மூணாம் நாளு பச்சை வருமே."

நர்ஸ் பஞ்சைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "மூணாம் நாளு எப்படிம்மா வரும்? புது அடி மொதல்ல இப்படித்தான் ஊதாவா கெடக்கும். பச்சையாகதுக்கு ஒரு வாரம் கிட்ட ஆவும்."

"எனக்கு வரும் சிஸ்டர். எப்பமும் வரும். தப்பாது."

"மூணு நாள்ல பச்சையா இருந்துச்சுன்னா, அது இந்த அடி இல்ல. அதுக்கு முந்தி வாங்கின அடி" என்றாள் நர்ஸ். சொல்லிவிட்டு, கேட்டவளின் முழுக்கை ஜாக்கெட்டைப் பார்த்தாள். கட்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

முத்துராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மீன்குழம்பு அடி. அதற்கு முந்தின வாரம் டீசல் தீர்ந்துபோனதற்கு ஒரு அடி. அதற்கும் முன்னால் எதற்கென்றே ஞாபகமில்லாத ஒன்று. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது, அது ஆறுவதற்குள் அதற்கடுத்தது, எல்லாம் அதே இடத்தில். கை எப்போதும் ஏதாவது ஒரு பழைய அடியின் பச்சையில்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவள் நிறம் கலக்கினாள், பெருமைப்பட்டாள். அந்தக் கைக்கு அதன் சொந்த நிறம் எது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. கல்யாண ஃபோட்டோவில்தான் பார்க்க வேண்டும். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. சரிக்குச் சரி என்று தன் வாயாலேயே சொன்னதை நினைத்தபோது ஸ்பேனரைப் பிடித்த அன்றைக்கு வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது.

செல்வமணி அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்து, தனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டான்.

"வலி தாங்கலட்டி ராணி. மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல."

"மூணு நாளுதானெ" என்றாள் முத்துராணி.

ஆறுமுகத்தாய் அவள் தோளைத் தொட்டு, "வா தாயி, ஏட்டையாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்" என்றாள். முத்துராணி நடந்தாள். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் சோற்றுத் தூக்கோடு சொந்தக்காரர்கள். மாமியார் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவுட்போஸ்டில் கிருபைராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"என்னம்மா, சமாதானமா?"

"ஆமாய்யா" என்றாள் ஆறுமுகத்தாய்.

"இல்ல" என்றாள் முத்துராணி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைத்துணியையும் முழங்கைக்கு மேலே சுருட்டி, இடது கையை மேசையில் வைத்தாள். ஸ்பேனர் பட்ட இடம் வீங்கி ஊதாவாகப் புடைத்திருந்தது, அதைச் சுற்றிலும் அந்தப் பச்சை. கிருபைராஜ் டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நடந்தத மட்டும் எழுதாதீக ஏட்டையா. கல்யாணம் ஆன வருசத்துலேருந்து சொல்லுதேன், ஒண்ணு விடாம எழுதுங்க."

"நீ அவன அடிச்சதும் வருமே தாயி. உனக்கும் ஆபத்துதான். யோசிச்சுக்கோ."

"அதையும் எழுதுங்க. நாந்தான் அடிச்சேன். கடைசில எழுதுங்க, வரிசப்படி அது கடைசியாத்தான் வருது" என்று சொல்லிவிட்டு, அவர் பேனாவைத் திறக்கும்வரை காத்திருந்தாள்.